வந்தவில்லை

அண்ணன் படித்து, அக்கா படித்து, மேலட்டை போய், காக்கித் தாளில் அட்டை போட்டு, முன்னாலும் பின்னாலும் சில பக்கங்கள் உதிர்ந்த நிலையில் தம்பியின் கைக்கு வந்து சேரும் ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்று தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இருந்தது. ரென் அண்ட் மார்ட்டின் என்றுதான் அதற்குப் பெயர். நூலின் உண்மையான தலைப்பை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1930களில் வெளிவந்தது. இந்தியாவில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டு, பின்னாளில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திக் கொடுக்க, நம் பிள்ளைகளின் தலையிலும் ஏறியது.

பி.சி. ரென் பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். ஆனால் உலகம் அவரை நாவலாசிரியராகத்தான் அறிந்தது. பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 1924இல் அவர் எழுதிய 'போ ஜெஸ்ட்' சினிமாவாகவும் வந்து சக்கைப்போடு போட்டது. அதில் பாலைவனக் கோட்டை ஒன்றில் செத்துப்போன சிப்பாய்களைத் துப்பாக்கியோடு மதில் இடுக்குகளில் நிறுத்திவைத்து, உயிரோடு இருப்பதுபோல எதிரியை நம்பவைப்பார்கள். உயிரில்லாத வாக்கியங்களை வரிசையாக நிறுத்தும் வித்தை அவருக்கு எங்கே கைவந்தது என்று அந்த இடத்தில் புரிந்துவிடும்.

கிண்டல் இருக்கட்டும். அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கு அது சரியான புத்தகம். ஆங்கிலத்திலேயே அழுது, ஆங்கிலத்திலேயே அடம்பிடித்து வளர்ந்த குழந்தைக்கு இலக்கண வகுப்பு என்பது தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் காரியங்களுக்குப் பெயர் தெரிந்துகொள்ளும் இடம். நமக்கோ காரியமே தெரியாது. பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தோம். அப்ஸ்ட்ராக்ட் நவுன், டிரான்சிட்டிவ் வெர்ப், கோஆர்டினேட் கிளாஸ். ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக் காட்டுகிற மாணவன், மீனாட்சி கோயிலுக்கு வழி கேட்கும் வெளிநாட்டுக்காரரைக் கண்டால் எதிர்ச் சந்துக்குள் நுழைந்துவிடுவான்.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. அந்தப் புத்தகத்தில் எல்லா விதிகளும் ஒரே முகத்தோடு நின்றன. எதை மீறினால் வாக்கியமே குடைசாயும், எதை மீறினால் எங்கோ ஒரு கனவானின் புருவம் மட்டும் உயரும் என்று பிரித்துச் சொல்ல யாரும் இல்லை.

ஷேல், வில் சமாச்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தைச் சும்மா சொல்வதானால் ஐ, வீ இரண்டுக்கும் ஷேல், மற்றவர்களுக்கு வில். உறுதியோ ஆணையோ கலந்தால் அப்படியே தலைகீழ். இதற்கு உதாரணமாக ஒரு பழைய நகைச்சுவை உண்டு. ஆற்றில் விழுந்த அயர்லாந்துக்காரன் ஒருவன் பதற்றத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் கத்துகிறான். 'நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று அதற்குப் பொருள் கொண்டு, கரையிலிருந்த ஆங்கிலேயர்கள் அவன் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்துவிட்டார்களாம். இந்த விதியைத் தெளிவாக வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டின் வடிவியல் பேராசிரியர். கணிதத்தில் முடிவிலிக்கு நாம் போடும், படுத்துக்கிடக்கும் எட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1653இல் அவர் எழுதிய ஆங்கில இலக்கணம் லத்தீன் மொழியில் இருந்தது. ஆங்கிலம் கற்க விரும்பும் அந்நியர்களுக்கும் உதவட்டும் என்று அப்படி எழுதினார். ஆக, அந்நியர்களுக்கென்று சொல்லப்பட்ட ஒரு விதி சுற்றிச் சுற்றி மீண்டும் அந்நியர்களிடமே, திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும், வந்து சேர்ந்தது. இதற்குள் ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அதைக் கைகழுவிவிட்டார்கள்.

என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய இங்கிலீஷ் கட்டுரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். 'டிட் நாட் கேம்' என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் வட்டம் இரண்டு சுற்று. ஏன் தப்பு என்று கேட்டேன். "டிட் வந்தா கம்தான் வரணுமாம் மாமா. டீச்சர் சொன்னாங்க."

"சரி, நேத்து உன் ஃபிரெண்டு ஸ்கூலுக்கு வந்தாளா?"

"வரலை."

"வந்தவில்லைன்னு சொல்லலாமா?"

"ச்சீ! யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

"ஏன் சொல்ல மாட்டாங்க? வந்தாள்னு சொல்றோம். அதோட இல்லையைச் சேர்த்தா வந்தவில்லைதானே?"

கொஞ்ச நேரம் முழித்தாள். வாய்க்குள் இரண்டு மூன்று வினைகளைப் போட்டுப் பார்த்தாள். போனவில்லை, தின்றவில்லை, தூங்கினவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. 'வரவில்லை' என்பதில் 'வர' என்பது காலம் கழன்ற வினை. தமிழ் வகுப்பில் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று அவளே படித்திருக்கிறாள். இல்லை என்ற சொல் வந்து சேர்ந்தவுடன் தமிழ் வினையின் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலமும் அதையே செய்கிறது. கழற்றிய காலத்தை வீணாக்காமல் டிட் என்பதன் மேல் மாட்டிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு வயதிலிருந்து அவளை ஆட்டிவைக்கும் ஒரு விதி, மூன்று வயதிலேயே அவள் வாயில் இருந்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இங்கிலீஷ் பீரியடில் தமிழ் பேசினால் அபராதம் என்கிற பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு இடமில்லை.

ஆர்ட்டிகிள் விவகாரமும் இப்படித்தான். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு அது வரவே வராது என்று ஆசிரியர்களே கைவிட்டுவிடுகிறார்கள். பெண் பார்க்கப் போகிறார்கள் என்பதற்கும் பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள் என்பதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் உண்டா? முதலாவதில் யார் என்று இன்னும் முடிவாகாத ஏதோ ஒரு பெண். பஜ்ஜி, சொஜ்ஜி, ஜாதகம் எல்லாம் உண்டு. இரண்டாவதில் பேசுகிறவர்களுக்குத் தெரிந்த அந்தப் பெண்; ஆஸ்பத்திரியிலோ ஹாஸ்டலிலோ இருக்கிறாள். நேற்று பேனா வாங்கினேன், இன்று பேனாவைத் தொலைத்துவிட்டேன் என்று சரளமாகச் சொல்கிற பிள்ளை, முதல் பேனாவுக்கு ஏ, இரண்டாம் பேனாவுக்கு தி என்று போட ஏன் தடுமாற வேண்டும்? இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான் அங்கே ஆர்ட்டிகிள் செய்கிறது. எழுவாய்க்கு இந்த ஐகாரம் வராது என்பதால் பாதி வழிக்கு மேல் இது துணை வராது, உண்மைதான். மீதியைப் படித்துப் படித்துத்தான் பிடிக்க வேண்டும். பாதி வழி துணைக்கு வருகிறவரை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

நோட்டில் என்னை நிறுத்திய வாக்கியம் வேறு. 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.' சிவப்பு மையில் ஹேஸ் அடிக்கப்பட்டிருந்தது. நேற்று, போன வாரம், 2010இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கூடாது என்பது ஆங்கிலத்தின் உண்மையான விதிகளில் ஒன்று. கனவான்கள் புகுத்தியது அல்ல. ஆசிரியை திருத்தியது சரி. ஆனால் அந்தப் பிள்ளை ஏன் அப்படி எழுதினாள்? காலையில் எழுந்து வாசலைப் பார்க்கிறாள், தரை ஈரமாக இருக்கிறது. "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறாள். ஓட்டின் மேல் சடசடவென்று விழுந்ததைக் காதால் கேட்டிருந்தால் "ராத்திரி மழை பெஞ்சுது" என்றிருப்பாள். கண்டதை, கேட்டதைச் சொல்ல ஒரு வடிவம். தடயத்தைப் பார்த்து ஊகித்ததைச் சொல்ல இன்னொரு வடிவம். இந்த நுட்பத்தை ஹேஸ் என்பதற்குள் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். ஆங்கிலத்தின் ஹேஸ் அந்தச் சுமையைத் தாங்காது. அவள் எழுதியது தமிழின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதிய வாக்கியம். சிவப்பு மைக்கு அது தெரியாது. டிட் நாட் கேம் என்பதற்கு விழுந்த அதே வட்டம் இதற்கும் விழுகிறது.

ஆங்கில இலக்கணம்தான் எங்கிருந்து வந்தது? முதல் ஆங்கில இலக்கண நூலாகச் சொல்லப்படும் வில்லியம் புல்லோக்கரின் நூல் வெளிவந்தது 1586இல். லத்தீன் இலக்கணத்தின் அச்சில்தான் அவர் தன் மொழியை வார்த்தார். ஆங்கிலத்துக்கும் ஒழுங்கு உண்டு என்று காட்டுவதே நோக்கம். சொற்களை எட்டாகப் பிரிப்பதும் இரவல்தான். கிரேக்கர்கள் எட்டு என்றார்கள். அதில் ஆர்ட்டிகிள் ஒன்று. லத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை, ஆனாலும் எட்டு என்ற கணக்கு கெடக்கூடாது என்று வியப்புச் சொல்லைத் தனி இனமாக்கி ஈடுகட்டினார்கள். ஆங்கிலத்திலோ ஆர்ட்டிகிள் உண்டு. பிற்காலத்தில் சிலர் ஒன்பது என்று எண்ணினார்கள். ரென்னும் மார்ட்டினும் ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவ்வுக்குள் தள்ளி எட்டைக் காப்பாற்றினார்கள். பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்ட நம்மவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

1762இல் ராபர்ட் லௌத் எழுதிய சிறு இலக்கணம்தான் தலைமுறைகளை ஆட்டிப்படைத்தது. லௌத் பாதிரியார், பிற்பாடு லண்டன் பிஷப் ஆனார். ஷேக்ஸ்பியர், மில்டன், பைபிள் மொழிபெயர்ப்பு என்று பெரிய இடங்களிலிருந்தெல்லாம் பிழை பொறுக்கி அடிக்குறிப்பில் போட்டார். வாக்கியத்தைப் பிரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்ற தடை இவர் பெயரில்தான் உலவுகிறது. உண்மையில் அவர் அப்படித் தடை போடவில்லை. பேச்சிலும் நெருக்கமான எழுத்திலும் அது சகஜம், கம்பீரமான நடைக்கு மற்றதே பொருந்தும் என்ற அளவில்தான் சொன்னார். அதைச் சொன்ன வாக்கியத்தையே குறும்பாகப் பிரெபொசிஷனில் கொண்டுபோய் முடித்தார். பின்னால் வந்த லிண்ட்லி மரே போன்றவர்களின் பாடப்புத்தகங்களில் குறும்பு உதிர்ந்து கண்டிப்பு மட்டும் மிஞ்சியது. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்ற விதியும் இந்த நூல்களின் வழியாகத்தான் இறுகியது; சாசரும் ஷேக்ஸ்பியரும் அதைச் சட்டைசெய்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டிலும் தமிழ் மாணவன் பிறவியிலேயே உத்தமன். 'இல்லாமல் இல்லை' என்றால் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வேற்றுமை உருபைப் பெயரிலிருந்து பிய்த்து வாக்கியத்தின் கடைசியில் தொங்கவிடும் பழக்கமும் அவனுக்கு இல்லை. லௌத் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

நம் நன்னூலில், பொதுவியலில், வழாநிலை, வழு என்ற இரண்டோடு வழுவமைதி என்று மூன்றாவதும் உண்டு. இலக்கணப்படி பிழை, ஆனால் காரணம் இருப்பதால் அமைந்துபோகிறது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்பது பள்ளிக்கூட உதாரணம். உண்டுகொண்டிருப்பவனை வெளியே நின்று கூப்பிட்டால், இலையை விட்டு எழாமலே 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான். விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்பட்டது, கால வழுவமைதி. பேசுகிறவனின் அவசரமும் ஆசையும் கோபமும் இலக்கணத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிடுகின்றன. லௌத் மனத்தில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவருடைய சீடர்கள் அந்த நடு அறையை இடித்துவிட்டார்கள். நமக்குக் கிடைத்தது ராங், ரைட் என்ற இரண்டே அறை கொண்ட வீடு.

லௌத்தின் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பட்டினியோடு படித்த ஒருவன் கதை உண்டு. வில்லியம் காபெட். 1763இல் தென்னிங்கிலாந்தின் ஃபார்னமில் பிறந்த விவசாயி மகன். 1784இல் பட்டாளத்தில் சேர்ந்து சாட்டம் படைத்தளத்தில் கிடந்தான். கையெழுத்து நன்றாக இருந்ததால் அங்கிருந்த கர்னலுக்குப் படியெடுக்கும் வேலை கிடைத்தது. எழுத்து அழகாக இருந்தது, இலக்கணம் இல்லை. படித்துக்கொள் என்றார் கர்னல். காபெட் லௌத்தின் இலக்கணத்தை வாங்கி, முழுவதையும் திரும்பத் திரும்பக் கையால் எழுதினான். தொடக்கம் முதல் கடைசிவரை மனப்பாடம் செய்தான். தினமும் காலையும் மாலையும் ஒப்பித்தான். காவல் முறை வரும்போதெல்லாம் துப்பாக்கியோடு நின்றபடி ஒருதரம் ஒப்பித்தான். நாள் சம்பளம் ஆறு பென்னி. படுக்கை விளிம்பு நாற்காலி, முதுகுப்பை புத்தக அலமாரி, மடியில் வைத்த பலகைத் துண்டு மேசை. குளிர்காலத்தில் மெழுகுவத்திக்குக் காசில்லாமல் கணப்பு வெளிச்சத்தில், அதுவும் தன் முறை வரும்போது மட்டும், படித்தான். பேனாவோ தாளோ வாங்கினால் அன்று சாப்பாட்டில் ஒரு பங்கு குறையும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாச் செலவும் போக அரைப் பென்னி மிஞ்சியது. காலையில் புகைபோட்ட மீன் ஒன்று வாங்கலாம் என்று வைத்திருந்தான். இரவு பசியோடு உடுப்பைக் கழற்றியபோது அந்தக் காசைக் காணோம். கந்தல் கம்பளிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதேன் என்று, பேர்பெற்ற பத்திரிகையாளரான பிறகு, வயதான காலத்தில் எழுதினார்.

மனப்பாடத்தை நான் அவ்வளவாக மதிக்கிறவன் அல்ல. இருந்தாலும் இந்த மனிதர் அந்த மனப்பாடத்தை வைத்துப் பிறகு செய்ததைப் பார்க்க வேண்டும். 1817இல் சீர்திருத்தம் கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன ஏராளமான மனுக்கள், மொழி மரியாதையாக இல்லை என்பது போன்ற காரணங்களால் ஒதுக்கப்பட்டன. ஓட்டுரிமை இல்லாதவனுக்கு மனுதான் உண்டு. மனு எழுதவும் அவர்களுடைய மொழி வேண்டும். அதே ஆண்டு அடக்குமுறைக்குத் தப்பி அமெரிக்கா போன காபெட், 1818இல் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். மகன் ஜேம்ஸுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த நூல். சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் ஓட்டும் பிள்ளைகள் ஆகியோருக்கென்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டார். கூட்டத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களுக்கு உதாரணம் சொல்லும் இடத்தில் நாடாளுமன்றத்தையும் திருடர் குகையையும் ஒரே பட்டியலில் வைத்தார். பிந்தைய பதிப்பில் அரசியல் பிரமுகர்கள் பிழையாக எழுதாமல் தடுக்க ஆறு பாடங்கள் சேர்த்து, அரசர் நிகழ்த்திய உரையையும் வெலிங்டன் போன்ற பெரிய தலைகளின் கடிதங்களையும் வரிவரியாக எடுத்துத் திருத்தினார். மனுவை மொழியைக் காட்டித் தள்ளியவர்களின் தாள்கள் ஏர்க்காரன் முன்னால் திருத்தத்துக்கு வந்தன. விதிகளைக் கேலி செய்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வாசற்காரனுக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்று ஏழைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். 1832இல் ஓல்டம் தொகுதியிலிருந்து அந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே போனார்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பேனர் தொங்காத பஸ் நிலையம் இன்று தமிழ்நாட்டில் இல்லை. அங்கே காசு கட்டிப் போகிறவர்களுக்கு லௌத்தும் வேண்டாம், வாலிஸும் வேண்டாம். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் சிரிக்காமல் இருந்தால் போதும். அது நியாயமான ஆசை.

தங்கை மகளின் நோட்டில் அதிகம் வட்டம் வாங்கியது 'ஷி கோ டு ஸ்கூல்' வகை. எஸ் விட்டுப்போகிறது. வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறார்கள், வருகிறது என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பேசுகிற பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் தப்பிப் பிழைத்திருக்கும் அந்த ஒற்றை விகுதி கண்ணில் படவில்லை. ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே மொட்டையாக நிற்கும் இடத்தில் இதையும் மொட்டையாக்கிவிடுகிறாள். அவளுக்குச் சொன்னேன்: இங்கிலாந்தின் கிழக்கே நார்விச் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே பரம்பரை பரம்பரையாக ஆங்கிலம் பேசுகிறவர்களே இந்த எஸ்ஸைப் போடுவதில்லை. அந்த ஊர்க்காரரான பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் அங்குள்ளவர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1974இல் புத்தகமாகப் போட்டார். உழைக்கும் மக்களில் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் பேச்சில் 97 விழுக்காடு எஸ் கிடையாது. வசதியான நடுத்தரக் குடும்பங்களில் அது விட்டுப்போனதே இல்லை.

"அப்ப நானும் எஸ் போடாம எழுதலாமா மாமா?"

"கூடாது. மார்க் போயிடும்."

"அவங்க மட்டும் பேசலாமாக்கும்!"

அவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மைதான் என்றேன். நம்பவில்லை. காபெட் கதையைச் சொன்னால் நம்புவாள் என்று ஆரம்பித்தேன். ஆறு பென்னிச் சம்பளம், மெழுகுவத்தி எல்லாம் சொல்லி, அரைப் பென்னி தொலைந்த இடத்துக்கு வந்தபோது அடுப்படியிலிருந்து என் தங்கை, தோசை ஆறுகிறது என்று சத்தம் போட்டாள்.

"இதோ வந்துட்டேம்மா" என்றாள் பிள்ளை, நாற்காலியை விட்டு அசையாமல். "நீங்க சொல்லுங்க மாமா. காசு கெடச்சுதா, இல்லையா?"